வீடு திரும்ப விலகிச் செல்: போர்ச்சுகீசிய மாலுமிகள் கற்ற காற்றுப் பாடம்

மலாக்காவுக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்களா? ஆற்றங்கரை ஓரத்தில் ஒரு பெரிய மரக்கப்பல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 'ஃபுளோர் டி லா மார்' என்ற போர்ச்சுகீசியக் கப்பலின் மாதிரி. இன்று அது கடல்சார் அரும்பொருளகம். உண்மையான கப்பல், 1511-இல் மலாக்காவில் கொள்ளையடித்த பொருள்களை ஏற்றிக்கொண்டு போகும்போது சுமத்ராவின் கரையோரம் மூழ்கிப்போனது.

அந்தக் கப்பல் இங்கே வருவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. அப்போது போர்ச்சுகீசிய மாலுமிகள், தங்கள் நாட்டிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 1,300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு முனையைத் தாண்டவே அஞ்சிக்கொண்டிருந்தார்கள். எண்பது ஆண்டுகளில் என்ன மாறியது? பீரங்கியும் பேராசையும் இந்தக் கதையில் உண்டு. ஆனால் அவற்றுக்கு முன்னால் ஓர் அறிவியல் புதிர் இருந்தது. 'எப்படிப் போவது?' என்பது அல்ல அந்தப் புதிர். 'எப்படித் திரும்பி வருவது?' என்பதே.

காற்று திரும்பும் கடலும் திரும்பாத கடலும்

நம் வட்டாரத்துக் கடலை முதலில் நினைத்துப் பாருங்கள். இங்கே ஆண்டில் சில மாதங்கள் தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. பிறகு காற்று திசை மாறி, வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. இந்தியாவிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்த வணிகர்கள் ஒரு காற்றில் வந்து, மறு காற்றில் ஊர் திரும்பினார்கள். சீன வணிகர்களும் அப்படியே. அவர்கள் செய்யவேண்டியதெல்லாம் துறைமுகத்தில் பொறுமையாகக் காத்திருப்பதுதான். மலாக்கா அப்படிக் காத்திருப்பவர்களால் வளர்ந்த நகரம்.

சஹாரா பாலைவனத்தை ஒட்டிய அட்லாண்டிக் கடலில் இந்த வசதி இல்லை. அங்கே ஆண்டின் பெரும்பகுதி காற்று வடகிழக்கிலிருந்தே வீசுகிறது. கனேரி நீரோட்டமும் அதே பக்கம், தென்மேற்கை நோக்கியே ஓடுகிறது. போர்ச்சுகலிலிருந்து தெற்கே போகும் கப்பலைக் காற்றும் நீரும் சேர்ந்து தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது இரண்டும் எதிரே நிற்கும். எத்தனை மாதம் காத்திருந்தாலும் அந்தக் காற்று திரும்பாது.

பொஜடோர் முனை

1415-இல் போர்ச்சுகீசியர் வட ஆப்பிரிக்காவின் செயூத்தா நகரைக் கைப்பற்றினார்கள். அந்தப் படையெடுப்பில் மன்னர் முதலாம் ஜானின் மகன் ஹென்றியும் இருந்தார். அவருக்கு அப்போது வயது 21. சஹாராவைக் கடந்து ஒட்டக வணிகர்கள் கொண்டுவரும் தங்கம் அந்த வட்டாரத்துச் சந்தைகளுக்கு வந்துகொண்டிருந்தது. பாலைவனத்தைச் சுற்றிக் கடல் வழியே போனால் தங்கம் கிடைக்கும் இடத்தையே அடையலாம் என்ற எண்ணம் அங்கே வலுத்தது. ஹென்றி ஆண்டுதோறும் கப்பல்களைத் தெற்கே அனுப்பத் தொடங்கினார்.

ஹென்றியைப் பற்றி இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் 'கடலோடி ஹென்றி' என்று அழைக்கப்பட்டாலும், தாம் அனுப்பிய ஆய்வுப் பயணங்கள் எதிலும் அவர் கப்பலேறிப் போகவில்லை. சாக்ரெஸ் என்ற ஊரில் அவர் பெரிய கடற்பள்ளி ஒன்றை நடத்தினார் என்று பழைய நூல்கள் கூறுவதற்கும் சான்று இல்லை. அவர் செய்தது வேறு. தோல்வி அடைந்து திரும்பியவர்களையும் மீண்டும் அனுப்பினார். செலவுக்குப் பணம் கொடுத்தார்.

தோல்விகள் ஏராளம். காரணம், பொஜடோர் என்ற முனை. அது வடக்கு அட்சரேகை 26 டிகிரியில், இன்றைய மேற்கு சஹாராவின் கரையில் இருக்கிறது. அங்கே கடலுக்குள் நெடுந்தொலைவு வரை ஆழம் மிகக் குறைவு. அலைகள் மணல்திட்டுகளில் மோதி நுரைக்கும். பாலைவனப் புழுதியும் மூடுபனியும் கரையை மறைக்கும். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பல கப்பல்கள் அங்கே போய்த் தாண்டாமலேயே திரும்பின.

அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் சூராரா, மாலுமிகள் ஏன் தயங்கினார்கள் என்பதை எழுதி வைத்திருக்கிறார். முனைக்கு அப்பால் மனிதர் இல்லை, தண்ணீர் இல்லை, மரம் இல்லை என்று அவர்கள் நம்பினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே நீரோட்டம் மிக வலியது, தாண்டிய கப்பல் எதுவும் திரும்பி வர முடியாது என்றார்கள். இதை வெறும் மூடநம்பிக்கை என்று சிரிக்காதீர்கள். காற்றும் நீரோட்டமும் திரும்பும் வழியை அடைக்கும் என்ற அச்சம் அனுபவத்தில் பிறந்தது, பெரும்பாலும் சரியானது.

1433-இல் கில் இயானிஸ் என்பவர் புறப்பட்டு, கனேரித் தீவுகள் வரை போய்த் திரும்பிவிட்டார். ஹென்றி அவரை மறுபடியும் அனுப்பினார். 1434-இல் இயானிஸ் கரையை விட்டு விலகிச் சென்று முனையைக் கடந்தார். அப்பால் கொதிக்கும் கடலோ அரக்கர்களோ இல்லை. அமைதியான நீரும் வெறும் மணற்கரையும்தான் இருந்தன. கரையிறங்கியதற்கு அடையாளமாகச் சில செடிகளைப் பறித்துக்கொண்டு அவர் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு மீண்டும் போனபோது, மணலில் மனிதர்களின் காலடிகளையும் ஒட்டகங்களின் தடங்களையும் கண்டார்கள்.

முனை தாண்டியாகிவிட்டது. ஆனால் இன்னும் தெற்கே போகப் போக, திரும்பும் வழியும் நீண்டுகொண்டே போனது.

காற்றை எதிர்த்து எப்படிப் போவது?

அக்காலத்து ஐரோப்பியச் சரக்குக் கப்பல்கள் பலவற்றில் சதுரப் பாய் இருந்தது. பின்னாலிருந்து காற்று அடித்தால் அது பலூன்போல் உப்பிக் கப்பலைத் தள்ளும். காற்று முன்னாலிருந்து வந்தால் அதனால் பயன் குறைவு.

முக்கோணப் பாய் வேறு விதம். மத்தியதரைக் கடலிலும் அரபு மாலுமிகளிடமும் அது பல நூற்றாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது. அதைச் சாய்வாக வைத்தால், பறவையின் சிறகுபோல் வளைந்து நிற்கும். அந்த வளைவை ஒட்டிக் காற்று திசை திரும்பும்போது, பாயின்மீது ஒரு விசை உண்டாகிறது. அந்த விசையின் பெரும்பகுதி கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும். ஒரு பகுதி முன்னோக்கித் தள்ளும். நீரில் மூழ்கியிருக்கும் நீண்ட அடிப்பகுதி, பக்கவாட்டு நகர்வைத் தடுக்கிறது. ஆகவே கப்பல் முன்னே நழுவுகிறது. ஈரச் சோப்பை இரண்டு விரல்களுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள். நீங்கள் அழுத்துவது பக்கவாட்டில். சோப்பு ஓடுவதோ முன்பக்கம்.

எந்தப் பாய்மரக் கப்பலும் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. கொஞ்சம் வலப்பக்கம், பிறகு கொஞ்சம் இடப்பக்கம் என்று வளைந்து வளைந்துதான் போகவேண்டும். இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரு கப்பல் காற்று வரும் திசைக்கு 60 டிகிரி கோணத்தில் போக வல்லது என்று வைத்துக்கொள்வோம். காற்றை எதிர்த்து 100 கிலோமீட்டர் முன்னேற அது 200 கிலோமீட்டர் ஓடவேண்டும். 80 டிகிரியில் மட்டுமே போக முடிந்த கப்பலோ சுமார் 576 கிலோமீட்டர் ஓடவேண்டும். முக்கோணவியல் படித்தவர்கள் 100-ஐக் கோணத்தின் கோசைனால் வகுத்து இதைச் சரிபார்க்கலாம். கோணத்தில் 20 டிகிரி குறைந்தால் பயணம் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது!

1440-களில் போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுபோன 'கேரவல்' கப்பல்கள் இத்தகையவை. சிறியவை, எடை குறைந்தவை, ஆழமில்லாத நீரிலும் போகக்கூடியவை. அவற்றில் முக்கோணப் பாய் இருந்தது. ஆனாலும் நீரோட்டத்தையும் எதிர்த்து வாரக் கணக்கில் வளைந்து வளைந்து வருவது பெரும்பாடு. குடிநீரும் உணவும் தீர்ந்துபோகும். இதைவிட நல்ல வழி வேண்டியிருந்தது.

ஊருக்குப் போக, ஊரைவிட்டு விலகு

அந்த வழியை யாரோ ஒருவர் ஒரே நாளில் கண்டுபிடிக்கவில்லை. மடெய்ரா, அசோர்ஸ் தீவுகளுக்குப் போய் வந்த மாலுமிகள் சிறிது சிறிதாகச் சேர்த்த அறிவு அது.

ஆப்பிரிக்கக் கரையில் நிற்கிறீர்கள். ஊர் வடகிழக்கில் இருக்கிறது. காற்றும் வடகிழக்கிலிருந்தே வருகிறது. இப்போது கப்பலை வடமேற்கே திருப்புங்கள். காற்று உங்கள் வலப்பக்கத்தில் படும். கப்பல் நன்றாக ஓடும். ஆனால் கரை மறைந்துவிடும். நடுக்கடலை நோக்கி, ஊரிலிருந்து இன்னும் விலகிப் போய்க்கொண்டிருப்பீர்கள். மனம் பதறும். பல நாள் கழித்து, அசோர்ஸ் தீவுகளின் அட்சரேகையை நெருங்கும்போது காற்று மாறும். இப்போது அது மேற்கிலிருந்து வீசும். கப்பலைக் கிழக்கே திருப்பினால், அந்தக் காற்றே உங்களை லிஸ்பன் நகரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். லிஸ்பனுக்கு மேற்கே ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அந்தத் தீவுகள், திரும்பும் வழியில் ஒரு தங்குமிடம் ஆயின.

போர்ச்சுகீசியர் இதை 'வோல்த்தா தோ மார்' என்றார்கள். 'கடல் திருப்பம்' என்று தமிழில் சொல்லலாம். இந்தியப் பெருங்கடலில் காற்று திரும்பும்வரை மாலுமி காத்திருந்தான். அட்லாண்டிக்கில் காற்று திரும்பாததால் மாலுமியே அதைச் சுற்றித் திரும்பக் கற்றுக்கொண்டான்.

காற்று ஏன் இப்படி வீசுகிறது? பூமத்திய ரேகையை ஒட்டி வெயில் கடுமை. அங்கே சூடான காற்று மேலெழுந்து, உயரத்தில் துருவங்களை நோக்கிப் பரவுகிறது. சுமார் 30 டிகிரி அட்சரேகையில் அது கீழே இறங்குகிறது. இறங்கிய காற்றில் ஒரு பகுதி கடற்பரப்பை ஒட்டி மீண்டும் பூமத்திய ரேகைக்குப் போகிறது. மற்றொரு பகுதி துருவப் பக்கம் போகிறது. பூமி சுழல்வதால், வட கோளத்தில் ஓடும் காற்று வலப்பக்கம் விலகுகிறது. இதைக் கோரியோலிஸ் விளைவு என்பர். ஆகவே தெற்கே போகும் காற்று வடகிழக்கிலிருந்து வருவதாகிறது. இதுவே வணிகக் காற்று. வடக்கே போகும் காற்று மேற்கிலிருந்து வருவதாகிறது. இது மேலைக் காற்று. இரண்டும் சேர்ந்து வட அட்லாண்டிக்கில் கடிகார முள் சுற்றும் திசையில் ஒரு பெரும் சக்கரமாகச் சுழல்கின்றன. அந்த மாலுமிகளுக்குக் கோரியோலிஸ் பெயர் தெரியாது. ஆனால் சக்கரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேரத் தெரியும்.

திரும்ப முடியாமல் போனவர்கள்

இந்த அறிவு என்ன செய்யப் பயன்பட்டது என்பதையும் நாம் தெரிந்துகொள்ளவேண்டும்.

திரும்பும் வழி உறுதியானதும், கப்பல்கள் சரக்கோடு திரும்பத் தொடங்கின. அந்தச் சரக்கில் மனிதர்களும் இருந்தார்கள். 1441-இல் சிலர் பிடித்துவரப்பட்டனர். 1444 ஆகஸ்ட் 8-ஆம் நாள், போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்கர்கள் இறக்கப்பட்டு, கூட்டம் கூட்டமாகப் பிரிக்கப்பட்டார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் வேறு வேறு பக்கம் போனார்கள். ஹென்றி குதிரைமேல் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு உரியது. ஹென்றியைப் போற்றி எழுதிய சூராராவே, அந்தக் காட்சியை வேதனையோடுதான் பதிவு செய்திருக்கிறார்.

பொஜடோர் முனையைத் தாண்டிய சுமார் பத்து ஆண்டுகளிலேயே இது நடந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் பல ஐரோப்பிய நாடுகள் இந்த வணிகத்தில் இறங்கின. 12 மில்லியனுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் அட்லாண்டிக்கின் குறுக்கே அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டனர். மாலுமிகளுக்குத் திரும்பும் வழியைக் காட்டிய அதே காற்று, இவர்களுக்குத் திரும்ப வழியில்லாத பயணமானது.

நட்சத்திரம் மறைந்தபோது

கரை தெரியாத நடுக்கடலில், 'அசோர்ஸ் அட்சரேகைக்கு வந்துவிட்டோம்' என்று எப்படி அறிவது? துருவ நட்சத்திரம் உதவியது. அது தொடுவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுவே நீங்கள் இருக்கும் அட்சரேகை. லிஸ்பனில் அது சுமார் 39 டிகிரி உயரத்தில் நிற்கும். பினாங்கில் 5 டிகிரிதான். சிங்கப்பூரில் வெறும் 1 டிகிரிக்குச் சற்று மேல். அதனால் அங்கே அதைக் காண்பது மிக அரிது.

உயரத்தை அளக்க, கால்வட்ட வடிவிலான ஒரு தட்டு போதும். விளிம்பில் டிகிரிகள் குறித்திருக்கும். முனையிலிருந்து ஈயக்குண்டு கட்டிய நூல் தொங்கும். தட்டின் ஓரத்தை நட்சத்திரத்துக்கு நேராகப் பிடித்தால், நூல் நிற்கும் இடத்தில் அளவைப் படிக்கலாம். அந்தக் காலத்தில் துருவ நட்சத்திரம் வானத்தின் உண்மைத் துருவத்திலிருந்து சுமார் மூன்றரை டிகிரி விலகியிருந்தது. அந்தப் பிழையைத் திருத்த, அருகிலுள்ள நட்சத்திரங்களின் நிலையைக் கொண்டு விதிகள் வகுத்தார்கள்.

ஹென்றி 1460-இல் இறந்தார். 1470-களில் போர்ச்சுகீசியர் பூமத்திய ரேகையைத் தாண்டியபோது, துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்குக் கீழே மறைந்துவிட்டது. இப்போது மிஞ்சியது சூரியன் மட்டுமே.

நண்பகலில் சூரியனின் உயரத்தை அளந்தும் அட்சரேகையைக் கணிக்கலாம். ஆனால் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கும் தெற்குமாக 23 டிகிரிக்கு மேல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அது எங்கே இருக்கும் என்ற அட்டவணை வேண்டும். அந்த அட்டவணைகளைக் கணித்தவர் ஸ்பெயினில் பிறந்த யூத வானியல் அறிஞர் அபிரகாம் ஸக்கூட்டோ. அவற்றைக் கடலோடிகளுக்குப் பயன்படும்படி செய்தவர்களில் ஒருவர் ஜோசே விசினியோ. அவர் 1485-இல் ஆப்பிரிக்காவின் கினி கரைக்கே அனுப்பப்பட்டு, சூரியனை அளந்து முறையைச் சோதித்தார். ஸக்கூட்டோவின் நூல் 1496-இல் போர்ச்சுகலில் அச்சானது. அதே ஆண்டு இறுதியில், யூதர்கள் வெளியேறவேண்டும் என்று போர்ச்சுகல் மன்னர் ஆணையிட்டார். கப்பல்களுக்கு வழிகாட்டிய அறிஞரும் நாட்டைவிட்டுப் போகவேண்டியதாயிற்று.

இந்தியப் பெருங்கடல் கற்பித்த பாடம்

1488-இல் பார்தலோமியு டயஸ் ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றினார். 1497 ஜூலை 8-இல் வாஸ்கோடகாமா நான்கு கப்பல்களுடன் புறப்பட்டார். தென் அட்லாண்டிக்கில் காற்றுச் சக்கரம் எதிர்த்திசையில் சுழல்கிறது. ஆகவே அவர் கரையை ஒட்டிப் போகாமல் மேற்கே வெகுதூரம் விலகி, பிறகு கிழக்கே திரும்பினார். மூன்று மாதம் கரையையே காணவில்லை. கடல் திருப்பம், இம்முறை தலைகீழாக.

ஆப்பிரிக்காவின் கீழைக்கரையில் மாலிந்தி என்ற துறைமுகத்தில், கடலறிந்த வழிகாட்டி ஒருவர் அவருக்குக் கிடைத்தார். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் நேரம். மாலிந்தியிலிருந்து கோழிக்கோடு கரைக்கு ஒரு மாதத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். அது 1498 மே மாதம்.

திரும்பும்போது காமா வடகிழக்குக் காற்று நிலைபெறும்வரை காத்திருக்கவில்லை. அக்டோபர் தொடக்கத்திலேயே இந்தியக் கரையை விட்டுக் கிளம்பினார். ஒரு மாதத்துக்குள் கடந்த அதே கடலைத் திரும்பக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதம் ஆனது. காய்கறி, பழம் இல்லாததால் வைட்டமின் 'சி' குறைந்து, ஸ்கர்வி நோயால் பலர் மாண்டனர். போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பவில்லை. அட்லாண்டிக் காற்றைப் படித்தவர்கள், நம் கடலின் காற்றைப் படிக்கத் தவறியதன் விலை அது.

அந்தப் பாடத்தையும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1511-இல் அல்புகர்க் மலாக்காவைத் தாக்கியபோது, போர்ச்சுகீசியக் கப்பல்கள் பருவக்காற்றைப் பார்த்தே பயணம் செய்தன. அடுத்த முறை ஆ ஃபமோசா கோட்டை வாயிலுக்குப் போகும்போது, கடற்பக்கம் திரும்பி நின்று காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எந்தக் கடலோடிக்கும் அதுதான் முதல் கேள்வி.

செய்து பாருங்கள்

மார்ச் 21 அல்லது செப்டம்பர் 23-ஐ ஒட்டிய நாளில் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர்மேலே இருக்கும். அன்று ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் சமதரையில் செங்குத்தாக நிறுத்துங்கள். நமக்கு உச்சிப்பொழுது 12 மணிக்கு அல்ல, பிற்பகல் 1 மணியை ஒட்டி வரும். ஆகவே 12.45 முதல் 1.30 வரை சில நிமிடத்துக்கு ஒருமுறை நிழலை அளந்து, மிகக் குறுகிய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நிழலின் நீளத்தைக் குச்சியின் நீளத்தால் வகுத்தால் வருவது, உங்கள் ஊரின் அட்சரேகைக் கோணத்தின் டேஞ்சன்ட். பினாங்கில் நிழல் சுமார் 9.5 சென்டிமீட்டர் இருக்கும், சிங்கப்பூரில் 2.3 சென்டிமீட்டர்தான். சூரியனை நேராகப் பார்க்கவேண்டாம். நிழலை மட்டும் பாருங்கள். ஒரு டிகிரி பிழை வந்தால், உங்கள் கப்பல் 111 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும்!